சிற்றுயிரைத் திறந்து பார்த்தவர்

குளிர்காலம் வந்துவிட்டால் நம் விடுதியில் எல்லோரும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ரஜாயை எடுத்து உதறுவார்கள். அன்று இரவே எனக்கு இழுப்புத் தொடங்கிவிடும். சிறு வயது முதல் உடன் வரும் நோய் இது. ஊரில் இருந்தவரை பனியின் மேலேயே பழியைப் போட்டு வந்தோம். விலங்கியல் படிக்க இங்கே வந்த பிறகுதான், பனியோடு இன்னொரு குற்றவாளியும் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு ரஜாயிலிருந்து தட்டிய தூசியில் ஒரு சிட்டிகை எடுத்துச் சென்று, எங்கள் துறையின் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். நூல் பிசிறுக்கும் தோல் செதிலுக்கும் நடுவே அது ஊர்ந்துகொண்டிருந்தது. எட்டுக் கால்கள், கண் கிடையாது, நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிக்கு இது தூரத்து உறவு. தூசிச் சிற்றுண்ணி என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலே அதற்கு உணவு.

இத்துணைச் சிறிய உயிருக்குள் என்ன இருக்கப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருக்கிறது. வாயிலிருந்து புறப்படும் உணவுக் குழாய், மூளையாகிய நரம்புத் திரளையே துளைத்துக்கொண்டு பின்னால் செல்கிறது. அப்பால் இரைப்பையும் குடலும் இருக்கின்றன. பெண்ணுக்குச் சூலகம் உண்டு. அதற்குள் முட்டை உண்டு. மூச்சுக் குழாய் மட்டும் இல்லை. தோலாலேயே மூச்சு விடுகிறது. குண்டூசித் தலையின் மேல் ஐந்தாறு பேர் குடியிருக்கலாம் என்னும்படியான உயிருக்குள் இவ்வளவு குடித்தனமா என்று வியந்தேன். வியப்புத் தணிந்த பின் ஒரு கேள்வி எழுந்தது. இப்படிப்பட்ட அற்ப உயிருக்கும் உள்ளுறுப்புக்கள் உண்டு என்று எண்ணி, கத்தி பிடித்துத் திறந்து பார்க்கத் துணிந்தவர் யார்? அந்தத் துணிவுடைய முன்னோடிகளுள் தலையாய ஒருவரைப் பற்றித்தான் நம் சங்கத்து நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் யான் ஸ்வாமர்டாம்.

1637-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். கடை ஒரு தொழில் என்றால், அரும்பொருள் சேர்ப்பது அவருக்கு ஒரு பித்து. சங்கு, கிளிஞ்சல், பீங்கான், நாணயம், பாடம் செய்த விலங்கு என்று வீடே ஒரு காட்சிச்சாலையாக இருந்தது. வீடு துறைமுகத்தை ஒட்டியது. கீழை நாடுகளின் சரக்கெல்லாம் வந்திறங்கும் துறைமுகம் அது. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்து, 1658-இல் நாகப்பட்டினத்தையும் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள்தாம் அவற்றைக் கொண்டுவந்தன. அந்தப் பொருள்களைத் துடைத்து அடுக்கி வைக்கும் வேலை சிறுவன் யானுக்கு வாய்த்தது. தந்தை சேர்த்தது பிறர் பார்த்து மெச்சுவதற்கு. மகனோ வயலிலும் வாய்க்காலிலும் அலைந்து ஈயும் வண்டும் புழுவும் சேர்க்கத் தொடங்கினான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகச் சேர்த்தான்.

மகனைப் பாதிரியாராக்க வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகன் மன்றாடி மருத்துவத்துக்கு அனுமதி பெற்றான். 1661-இல், தம் இருபத்து நாலாம் வயதில், லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வான் ஹார்னும் சில்வியஸும் அங்கே ஆசிரியர்கள். உடன் பயின்றவர்களையும் பாருங்கள்: பின்னாளில் பாறை அடுக்குகளைக் கொண்டு நிலத்தின் வரலாற்றைப் படித்துக் காட்டிய ஸ்டீனோ, சூலகத்தின் நுண்ணமைப்புக்குத் தம் பெயரையே தந்து சென்ற டி கிராஃப். ஒரே காலத்தில் ஒரே விடுதிக் கூட்டத்தில் இப்படி ஒரு தலைமுறை கூடுவது எங்கோ ஒருமுறைதான் நேரும்.

இடையில் அவர் பிரான்சுக்குச் சென்றார். சோமூர் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, நிணநீர்க் குழாய்களுக்குள் சிறு அடைப்பிதழ்கள் இருப்பதைக் கண்டார். பாரிசில் தெவனோ என்ற செல்வரின் நட்புக் கிடைத்தது. அறிவுடையோரைத் தம் வீட்டில் கூட்டி ஆராய்ச்சி நடத்திய பெருந்தகை அவர். இந்த நட்பு ஸ்வாமர்டாமின் வாழ்நாளெல்லாம் நிலைத்தது. அவர் இறந்த பின்னும் உதவியது.

1667-இல் லைடனில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுரையின் பொருள் மூச்சு. மனிதனும் விலங்கும் எப்படி மூச்சு விடுகின்றன, நுரையீரலின் பயன் யாது என்பதை ஆராய்ந்து எழுதினார். இந்தச் செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் இதற்குத் திரும்பி வருவேன்.

பட்டம் வந்துவிட்டது. இனி மகன் நோயாளிகளைப் பார்த்துப் பொருள் ஈட்டுவான் என்று தந்தை காத்திருந்தார். மகனோ ஈயின் வயிற்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மாதங்கள் ஆண்டுகள் ஆயின. வீட்டில் சோறு போடுவது வரை கேள்வியாயிற்று. பூச்சி பார்ப்பதால் யாருக்கு என்ன பயன் என்பது தந்தையின் வாதம். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என் தந்தையார் கேட்பதும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய அந்த ஆம்ஸ்டர்டாம் வீட்டுச் சண்டை எனக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை.

அந்நாளில் பூச்சிகளைப் பற்றி அறிஞர்களே மூன்று எண்ணங்களைக் கொண்டிருந்தார்கள். பூச்சிகளுக்கு உள்ளுறுப்பு என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை என்பது ஒன்று. அவை சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்பது மற்றொன்று. புழுவானது ஒரு நாள் தன் இயல்பையே இழந்து முற்றிலும் வேறான பட்டாம்பூச்சியாக மாறிவிடுகிறது என்பது மூன்றாவது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த எண்ணங்கள் இவை. இரத்த ஓட்டத்தை மெய்ப்பித்த ஹார்வியே உருமாற்றம் பற்றிப் பழைய கருத்தையே கொண்டிருந்தார். இம்மூன்றையும் வாயால் மறுப்பதில் பயனில்லை, கையால் திறந்து காட்ட வேண்டும் என்று ஸ்வாமர்டாம் முடிவு செய்தார்.

எப்படித் திறப்பது? ஆட்டைத் திறக்கும் கத்தி பேனுக்கு உதவுமா? ஆகவே கருவிகளைத் தாமே ஆக்கிக்கொண்டார். கத்தியும் கத்தரியும் ஊசியும் மிக நுண்ணியவை. அவற்றைச் சாணை பிடிப்பதற்கே பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடிக் குழலை நெருப்பில் காட்டி மயிரிழை போல் இழுத்து, அதன் வழியே குடலுக்குள் காற்றை ஊதினார். சாயத்தையும் மெழுகையும் செலுத்தினார். பூச்சிக்குள் கொழுப்புத்தான் கண்ணை மறைக்கும். அதைக் கர்ப்பூரத் தைலத்தில் கரைத்து நீக்கினார். பித்தளை மேசை ஒன்றில் இரண்டு கைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கை பொருளைப் பிடிக்கும், மறு கை கண்ணாடி வில்லையைப் பிடிக்கும். இதைச் செய்து கொடுத்தவர் மூசன்புரூக் என்ற கைவினைஞர்.

இன்று எங்கள் மைக்ராஸ்கோப்பில் விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அவருக்குச் சூரியன்தான் விளக்கு. கோடையில் காலை ஆறு மணிக்கே திறந்த வெளியில் உட்கார்ந்துவிடுவாராம். தொப்பியின் நிழலும் விழக்கூடாது என்று வெறுந்தலையோடு இருப்பாராம். வியர்வை வழிய நண்பகல் வரை பார்த்துக்கொண்டேயிருப்பார். அதன் பின் கண் ஒத்துழைக்காது. பகலில் கண்டதை இரவில் எழுதுவார், வரைவார். தேனீயின் குடலை மட்டும் ஆராய்ந்து வரைய ஒரு முழு மாதம் பிடித்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறித்திருக்கிறார்.

1668-இல் இத்தாலியின் டஸ்கனி நாட்டு இளவரசர் கோசிமோ டி மெடிச்சி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். தெவனோவும் உடன் இருந்தார். ஸ்வாமர்டாம் ஒரு கம்பளிப்புழுவை எடுத்து, பக்குவமாக அதன் தோலை உரித்துக் காட்டினார். உள்ளே வருங்காலப் பட்டாம்பூச்சியின் சிறகும் காலும் உணர்கொம்பும் மடித்து வைத்த பட்டுப் புடவை போல் சுருண்டிருந்தன. புழு மறைந்து பட்டாம்பூச்சி வரவில்லை. புழுவாயிருந்ததே வளர்ந்து வெளிவருகிறது என்பதை இளவரசர் தம் கண்ணாலேயே கண்டார். அந்தச் சேகரிப்பு முழுவதற்கும் பன்னிரண்டாயிரம் கில்டர் தருவதாகச் சொன்னார். சேகரிப்போடு ஸ்வாமர்டாமும் பிளாரன்ஸ் அரண்மனைக்கு வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கையில் காசில்லாத அந்த மனிதர் மறுத்துவிட்டார். அரண்மனை வாழ்வுக்குத் தம் உரிமையை விற்க அவருக்கு மனமில்லை.

மறு ஆண்டு, 1669-இல், பூச்சிகளின் பொது வரலாறு என்னும் நூலை டச்சு மொழியில் வெளியிட்டார். முட்டையிலிருந்து வளர்ச்சி நடக்கும் முறையைக் கொண்டு பூச்சிகளை நான்கு வகையாகப் பிரித்தார். பூச்சியும் முட்டையிலிருந்தே பிறக்கிறது. அழுகல் அதற்குத் தாயன்று என்றார். அழுகும் இறைச்சியில் புழு தானே தோன்றுவதில்லை என்று இத்தாலியில் ரெடி என்பவர் சோதித்துக் காட்டியது அதற்கு முந்திய ஆண்டுதான்.

தேனீக்களிடம் அவர் கண்டது உலகம் அறிய வேண்டிய செய்தி. கூட்டை ஆளும் பெரிய ஈயை அரசன் என்றே ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பலர் சொல்லி வந்தனர். ஸ்வாமர்டாம் அந்த அரசனின் வயிற்றைத் திறந்தார். உள்ளே சூலகம், சூலகத்தில் நிறைய முட்டைகள். அரசன் அரசியாகிவிட்டான்! சோம்பிக் கிடப்பவை என்று இகழப்பட்ட ஈக்களின் உடலில் ஆண் உறுப்புக்களைக் கண்டார். நூற்றாண்டுகளாக நடந்த வாதத்தை ஒரு சிறு கத்தரி முடித்து வைத்தது. அவர் பிழையே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. அரசியும் ஆணும் கூடுவதை அவர் ஒருபோதும் காணவில்லை. ஆகவே ஆணின் மணத்தாலேயே கருவுறுகிறது என்று எண்ணிவிட்டார். புழுவுக்குள் சிறகைக் கண்டவர், உயிர் அனைத்தும் தொடக்கத்திலேயே உருவாகி அடங்கியிருக்கின்றன என்று எல்லை கடந்தும் போனார். ஆனால் எதைத் திறந்து பார்த்தாரோ அதில் தவறவில்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் தவறினார்.

தவளையின் தசையைக் கொண்டு அவர் நடத்திய சோதனையும் புகழ் பெற்றது. நரம்பின் வழியே ஏதோ ஓர் ஆவி பாய்ந்து தசையை ஊதச் செய்கிறது என்று அக்காலத்தார் நம்பினர். அவர் தவளைத் தசையை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, கலத்தின் நுனிக் குழலில் ஒரு துளி நீரை நிறுத்தி, நரம்பைத் தூண்டினார். தசை சுருங்கியது, துளி மேலே ஏறவில்லை. அப்படியானால் தசை பருக்கவில்லை, ஆவியும் பாயவில்லை. இவ்வளவு எளிய சோதனை, இவ்வளவு பெரிய முடிவு!

இத்தகையவருக்கு மன அமைதி இருந்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? இல்லை. மனிதக் கருப்பை, சூலகம் பற்றி 1672-இல் நூல் வெளியிட்டபோது, யார் முதலில் கண்டது என்று பழைய நண்பர் டி கிராஃபுடன் கசப்பான பூசல் மூண்டது. மறு ஆண்டே டி கிராஃப் இளவயதில் மறைந்தார். காய்ச்சல் ஸ்வாமர்டாமின் உடலை வாட்டியது. தந்தையின் சினமோ தணியவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக அவர் உள்ளத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. நான் தேடுவது படைத்தவனின் பெருமையையா, என் சொந்தப் புகழையா என்ற வழக்கு அது.

அந்துவானெத் பூரிஞோன் என்ற துறவு நெஞ்சம் கொண்ட அம்மையார் ஒருவர் அப்போது பலரை ஈர்த்து வந்தார். உலக அறிவெல்லாம் வீண் என்பது அவர் போதனை. 1673 முதல் ஸ்வாமர்டாம் அவருக்குக் கடிதம் எழுதலானார். தேனீ ஆராய்ச்சியை 1674-இல் பெரும் மனக் கலக்கத்தோடுதான் முடித்தார். மறு ஆண்டு ஈசல் போல் சில நாழிகையே பறந்து மாயும் ஒரு நீர்ப்பூச்சியின் வாழ்வைப் பற்றி நூல் எழுதினார். உடற்கூறு பாதி, மனித வாழ்வின் நிலையாமை பற்றிய சிந்தனை பாதி. பட்டுப்புழுவைப் பற்றி எழுதி வைத்திருந்ததை அழித்தேவிட்டார். ஆனால் வரைந்த படங்களை அழிக்க மனம் வரவில்லை போலும்! அவற்றை ஸ்டீனோவின் வழியாக, அதே துறையில் உழைத்து வந்த இத்தாலியர் மால்பிகிக்கு அனுப்பி வைத்தார். போட்டியாளருக்கு இப்படிக் கொடுக்கும் கை எத்தனை பேருக்கு உண்டு?

1675-இன் இறுதிப் பகுதியில் அம்மையாரிடமே போய்ச் சேர்ந்தார். சில மாதங்கள் அங்கிருந்தார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டு நிலைமை மேலும் சீர்கெட்டிருந்தது. தந்தை சிறு தொகை மட்டும் தந்து ஒதுக்கினார். தந்தை இறந்த பின் சொத்துப் பற்றிச் சகோதரியோடு சச்சரவு. உயிரினும் மேலாகச் சேர்த்த சேகரிப்பை விற்றுப் பிழைக்க முயன்றார், வாங்குவாரில்லை. பன்னிரண்டாயிரம் கில்டர் வேண்டாம் என்ற அதே மனிதர்!

ஆனாலும் கத்தரி ஓயவில்லை. 1678-இல் தெவனோவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பொருள் பேன். ஆம், நம் தலையில் ஊரும் பேனின் உடற்கூறுதான். அதன் குடல், நரம்பு, முட்டைப் பை எல்லாவற்றையும் வரைந்து, இறைவனின் கைவேலை இந்த அற்ப உயிரிலும் குறைவுபடவில்லை என்று மகிழ்ந்து காட்டினார். உள்ளத்து வழக்கில் அவர் வழங்கிக்கொண்ட தீர்ப்பு அதுதான் என்று நான் கருதுகிறேன். 1680-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயதில், காய்ச்சலால் இறந்தார்.

கையெழுத்துச் சுவடிகளைத் தெவனோவுக்கு எழுதி வைத்திருந்தார். தெவனோவும் அவற்றைப் போராடித்தான் பெற்றார். அச்சிடும் முன்பே இறந்தார். சுவடிகள் கை மாறிக் கை மாறிப் பாரிசில் கிடந்தன. லைடனின் புகழ் பெற்ற மருத்துவப் பேராசிரியர் போயர்ஹாவே 1727-இல் தம் பணம் கொடுத்து அவற்றை மீட்டார். 1737, 1738 ஆண்டுகளில் இரண்டு பெரும் தொகுதிகளாக அவை வெளிவந்தன. இயற்கையின் வேதம் என்பது அந்நூலின் பெயர். எழுதியவர் இறந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு! அவர் வரலாற்றை எழுதியவர் என்று முன்னே சொன்னது இந்தப் போயர்ஹாவேயைத்தான்.

அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்டும் உண்மையான படம் எதுவும் இல்லை. பல நூல்களில் அவருடையது என்று அச்சாகும் முகம், ரெம்பிராண்ட் 1632-இல் வரைந்த உடற்கூறு ஓவியத்தில் நிற்கும் வேறொருவருடையது. ஸ்வாமர்டாம் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முந்திய ஓவியம் அது. பேனின் குடலை மயிரிழை பிசகாமல் வரைந்து வைத்தவருக்குத் தம் முகத்தை வரைந்து வைக்க யாரும் கிடைக்கவில்லை.

இனி என் ரஜாய்த் தூசிக்குத் திரும்புகிறேன். வீட்டுத் தூசி சிலருக்கு இழுப்பைத் தருகிறது என்பது நெடுநாள் தெரிந்ததே. தூசியில் எது தருகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1964-இல் வோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் விடையை நோக்கிக் கை காட்டினார்கள்: சிற்றுண்ணி. அவர்கள் ஆராய்ந்த ஊர் எது? லைடன்! மூச்சைப் பற்றி எழுதி ஸ்வாமர்டாம் பட்டம் பெற்ற அதே லைடன். 1981-இல் இன்னும் ஒரு படி தெளிந்தது. நோய் தரும் பொருளில் பெரும்பங்கு அவ்வுயிரின் குடலிலிருந்து வருகிறது. உணவைச் செரிக்க அங்கே சுரக்கும் நொதிகளில் ஒன்று, மெல்லிய சவ்வு சுற்றிய எச்ச உருண்டைகளோடு வெளியேறித் தூசியில் கலக்கிறது. ரஜாயை உதறும்போது நம் மூச்சில் ஏறுகிறது. அற்ப உயிருக்குக் குடல் உண்டா இல்லையா என்ற கேள்வி, கடைசியில் என் நெஞ்சுக்குள் வந்து நிற்கிறது.

இதை அறிந்ததால் என் இழுப்பு நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது தலையணை உறையையும் விரிப்பையும் வாரந்தோறும் கொதிக்கும் நீரில் துவைக்கிறேன். ரஜாயை நண்பர்கள் உதறும்போது அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். சென்ற குளிர்காலம் முன்னைவிட நன்றாகவே கழிந்தது.

பூச்சி பார்ப்பதால் யாருக்கு என்ன பயன் என்று அந்த மருந்துக் கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பிள்ளையின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படாத தந்தை உண்டா? ஆனால் விடை வர முந்நூறு ஆண்டுகள் ஆயின. அதுவரை காத்திருக்க அவராலும் முடியாது, அவர் மகனாலும் முடியாது. விடை வரும் என்று தெரியாமலேயே, வெறுந்தலையோடு வெயிலில் உட்கார்ந்து, கண் மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது என் தந்தையாரிடம் இந்தக் கதையைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன்.